நுண்சிமிழுக்குத் தெரியாதது

தூத்துக்குடியில் இப்போது புற்றுநோய்க்கு யாரும் பயப்படுவதில்லை. இறால் ஓட்டுப் பசையில் செய்த நுண்சிமிழ்களைப் பிறந்த அன்றே எல்லோர் ரத்தத்திலும் ஏற்றிவிடுகிறார்கள். அவை மருந்தைச் சுமந்து ஆயுள் முழுக்கச் சுற்றிவரும். எங்காவது செல்கள் கட்டுமீறிப் பெருகினால் அங்கே ஒட்டி, உடைந்து, மருந்தைக் கொட்டும்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஜெனோவாவுக்கு மார்பில் வந்த கட்டி அப்படித்தான் வலியில்லாமல் கரைந்தது. ஆனால் அதன்பின் உண்டான மூன்று கருவும் தங்கவில்லை.

டாக்டர் வகிதா காரணத்தைச் சொன்னார். "கருவும் தாய் உடம்புல வேர் விட்டுத்தான் வளருது. புற்றும் அப்படித்தான். ஒருதடவை புற்றைப் பார்த்த சிமிழுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஜெனோவா."

"அப்ப அதை எடுத்துருங்க மேடம்."

"சட்டம் விடாது. கட்டி திரும்ப வந்தா உன் உயிருக்கே ஆபத்து."

"என் ரத்தத்துல என்ன ஓடணும்னு நான்தான் சொல்லணும். மூணு பிள்ளையைத் தின்னதுக்குச் சட்டம் காவலா நிக்குதா?"

மறுவாரம் வகிதா அவள் ரத்தத்தை வடிகட்டிச் சிமிழ்களை நீக்கினார். மறைக்கவும் இல்லை, சுகாதாரத் துறைக்குத் தானே தகவல் சொல்லி, வேலையை இழந்தார்.

இந்த முறை கரு தங்கியது. ஏழாம் மாதம் கட்டி திரும்பி வந்தது. அதிகாரிகள் வீட்டு வாசலுக்கே சிமிழ் ஊசியோடு வந்தார்கள். கணவன் ரோமான்கூட, "போட்டுக்க, நீ இருந்தா போதும்" என்று அழுதான்.

"பிரசவம் முடியட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள் ஜெனோவா.

பெண் குழந்தை பிறந்தது. அதன் அழுகையைக் கேட்ட பிறகே ஊசிக்குக் கையை நீட்டினாள். சிமிழ்கள் அவள் ரத்தத்தில் மீண்டும் இறங்கத் தொடங்கின. அவற்றைத் திட்டவும் மனம் வரவில்லை. பிழைக்க அவை வேண்டும்.

நர்ஸ் இன்னொரு ஊசியோடு தொட்டிலை நெருங்கினாள். ஜெனோவா மற்றக் கையால் குழந்தையைத் தூக்கி அணைத்துக்கொண்டாள்.

"இவளுக்கு வேண்டாம்."

"நாளைக்கு நோய் வந்தா என்ன செய்வீங்க?"

"வந்தா, எல்லாம் தெரிஞ்சு அவளே கேட்டு வாங்கிக்கிடட்டும்."

"சட்டம்க்கா இது. இந்த ஊசி போடாத பிள்ளை ஊர்லயே கிடையாது."

"இனிமே ஒண்ணு இருக்கும்" என்றாள் ஜெனோவா.