லியோனா வார்க்கின் முகம்

காதுக்குப் பின்னால் ஒரு கொத்து முடி இல்லை. காலையில் நர்ஸ் ஓபல் தலை வாரும்போது, சீப்பின் பல் அந்த இடத்தில் வெறும் தோலைக் கீறிக்கொண்டு போனது. லியோனா வார்க்குக்கு அது தெரிந்தது. கேட்கத்தான் நாக்கு எழவில்லை. பக்கவாதம் வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. இமைகளைத் தவிர அவளிடம் எதுவும் அசையாது.

ஹாலிவுட் மலைச்சரிவிலிருந்த அந்த வீட்டுக்குச் சனிக்கிழமைதோறும் அவளுடைய ரசிகர்கள் வருவார்கள். திரையை விட்டு முப்பத்தைந்து வருஷம் ஆன பிறகும் தன்னைத் தேடி வருகிறார்களே என்று முதலில் அவளுக்குப் பெருமைதான். ஆனால் அவர்கள் வந்துபோன பிறகு ஏதாவது ஒன்று குறைந்தது. முதலில் கையுறை. அப்புறம் இரவு உடையில் ஒரு துண்டு. போன வாரம் சுண்டுவிரல் நகம், வேரோடு. ஓபல்தான் கட்டுப்போட்டாள். இன்று குனிந்தபோது அவள் கழுத்துச் சங்கிலியில் ஒரு சின்னக் கண்ணாடிச் சிமிழ் ஆடியது. அதற்குள் நரைத்த முடி.

மதியம் மூன்று மணிக்குப் படிகளில் காலடிகள் கேட்டன. இருபது பேராவது இருக்கும். பவுடர் மணமும் பூச்சி உருண்டை மணமும் அறையை நிறைக்க, யாரோ ஜன்னல் திரைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூட, வெளியே இருந்த வெயில் கம்பளத்தில் மெல்லிய கோடாகிக் கடைசியில் அதுவும் போயிற்று. ரசிகர் சங்கத்தின் தலைவி கிளாடிஸ், பல் மருத்துவர் ஒருவரின் விதவை, லியோனாவின் நாற்காலியை வெள்ளைச் சுவரை ஒட்டித் தள்ளி நிறுத்தினாள்.

எதிரே புரொஜெக்டர் கடகடத்தது.

வெளிச்சம் லியோனாவின் முகத்தில் விழுந்தது. அவளுடைய பழைய படம். இருபத்தாறு வயது முகம் எழுபது வயது முகத்தின்மேல் நெளிந்தது.

கூட்டம் ஏமாற்றத்தோடு முனகியது.

"சுருக்கத்துல எல்லாம் கோணிக்கிட்டுப் போகுதே," என்றாள் கிளாடிஸ். "ஓபல், பின்னாலேர்ந்து கொஞ்சம் இழுத்துப் பிடி."

ஓபலின் குளிர்ந்த விரல்கள் இரண்டு காதுக்கும் பின்னால் தோலைச் சேர்த்துப் பிடித்தன. கன்னம் இறுகியது. நெற்றி இறுகியது.

"கை வலிக்குது மேடம்."

"அப்போ குண்டூசி குத்திடு."

லியோனா இரண்டு முறை இமைத்தாள். இரண்டு என்றால் 'வேண்டாம்'. டாக்டர்தான் ஓபலுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். மறுபடி இரண்டு. மறுபடி.

"பாருங்க, நம்மளப் பாத்துக் கண்ணடிக்கறாங்க," என்றாள் கிளாடிஸ். எல்லோரும் ஆசையாகச் சிரித்தார்கள்.

முதல் ஊசி. எலும்பு வரை சுட்டது. இரண்டாவது. எட்டாவது வரை அவள் எண்ணினாள். அப்புறம் எண்ண முடியவில்லை. கழுத்தில் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது.

"இமையையும் ஒட்டிடு. இல்லேன்னா படத்துக் கண்ணு சரியா விழாது."

பிளாஸ்திரி கிழியும் சத்தம். ஒரு கண். இன்னொரு கண்.

வெளிச்சம் நேராக உள்ளே இறங்கியது. எரிந்தது. மூட வழியில்லை.

இப்போது படம் பொருந்திவிட்டது. இருட்டில் ஒவ்வொருவராக மண்டியிட்டார்கள். சிலர் விம்மி அழுதார்கள். யாரோ மெல்ல, "எவ்ளோ அழகு," என்றார்கள்.

இழுத்துக் குத்திய தோலின்மேல் இருபத்தாறு வயது லியோனா வார்க் உதடு பிரித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.