தாடிக்கும் முகமூடிக்கும் நடுவே

மேசைமேல் இருந்த வெள்ளிக் கரண்டிகள் ஒரே இரவில் கறுத்துப்போயிருந்தன.

“நேத்துதான் தேய்ச்சு வெச்சேன்,” என்றாள் மனைவி. “அழுகின முட்டை வாடை வேற. உங்க சட்டையா?”

“குளிச்சுட்டேனே.”

அந்த வாடையை அவனுக்குத் தெரியும். கனத்த கச்சா எண்ணெயிலிருந்து கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் ஆலையில் அவன் வருடக்கணக்காக ஆபரேட்டர். அங்கே கசியும் விஷவாயு நாறும்வரை ஓட நேரமிருக்கிறது. நாற்றம் சட்டென்று நின்றால்தான் கண்டம். மூக்கு செத்துவிட்டது, அடுத்தது ஆள்.

போன மாதம் அப்படித்தான் பம்ப் அறைக்குள், கூட வேலை பார்த்த மச்சினன் விழுந்தான். அவளுடைய ஒரே தம்பி. “தாடியை எடுங்க மாமா, முகமூடி ஒட்டாது. ஆட்டுக்கடா மாதிரி வேற இருக்கீங்க,” என்று தினமும் சீண்டுபவன். அன்றைக்கு இவன் முகமூடியை மாட்டிப் பார்த்தான். தாடிக்கும் ரப்பருக்கும் நடுவே காற்று கசிந்தது. வாசலிலேயே நின்றுவிட்டான்.

உள்ளே போய் இழுத்துப் பார்த்ததாக வீட்டில் சொன்னான். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவள், “தம்பிக்காக உசிரையே குடுக்கப் போனாரு,” என்று சொல்லும்போதெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டான். தாடியை இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் ஏன் என்று கேட்பாள்.

மத்தியான வெயிலில் தெரு அடங்கிக் கிடக்க, மின்விசிறியின் முனகலுக்கும் குழாய்ச் சொட்டுக்கும் அடியில், படுக்கையறையிலிருந்து ரப்பர் வால்வு திறந்து மூடும் மூச்சுச் சத்தம் நிதானமாக வந்துகொண்டிருந்தது.

“உள்ள யாரு?” என்று அவள் எழுந்தாள்.

போகாதே என்று சொல்ல வேண்டும். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கறுத்த கரண்டி ஒன்றை எடுத்துத் துடைத்தான்.

“டேய்… நீயா?” உள்ளே அவள் குரல் குழைந்தது. பதிலுக்கு ஒரு முணுமுணுப்பு. வெகுநேரம் நீண்டது. பிறகு மறுபடி அவள், மெதுவாக: “அவரு உள்ளயே வரலயா?”

அவன் காது மடல்கள் எரிந்தன.

தொப்பென்று ஏதோ விழுந்தது.

நாற்றம் நின்றது.

உள்ளே ஓட வேண்டும். அவள் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். கால்கள் நகர்ந்தன. கதவு. படி. வெயில். வெளியே நின்றுகொண்டிருந்தான்.

ஜன்னல் வழியே பார்த்தான். அவள் தரையில் கிடந்தாள். ஆலைச் சட்டை போட்ட ஒருவன், முதுகைக் காட்டியபடி, பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். தன் முகமூடியைக் கழற்றி அவளுக்கு மாட்டி, சின்னக் குழந்தைக்குத் தலை பின்னுவதுபோல் ஒவ்வொரு வாராக இறுக்கினான். முகமூடிக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் திறந்தன. ஜன்னலைப் பார்த்தன.

அவள் அவனைக் கூப்பிடவில்லை.