கடலுக்கு முதுகு காட்டாதவன்

கூப்பிட்ட குரல் காதில் விழுந்தும் குருவி திரும்பிப் பார்க்கவில்லை.

அவன்தான் என்பதில், ராணுவத்தில் லாரி ஓட்டி அந்தப் பெயரே நிலைத்துவிட்ட லாரிக்காரருக்குச் சந்தேகமே இல்லை. இடது தோள் சற்று இறங்கிய அந்த நிற்பு, கால்சட்டைக்குள் காற்றாடும் குச்சிக் கால்கள். பட்டாளத்தில் ஒரே கூடாரத்தில் படுத்து, பனிமலை முகாமில் ஒரே கம்பளிக்குள் நடுங்கி, காவல் முறையை மாற்றி மாற்றி ஏற்றவனை முதுகை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். ஓய்வு பெற்றபின் அவனிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. லாரிக்காரரின் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு, "நாலு நாள் கடல் காத்து வாங்கிட்டு வாங்கப்பா" என்று மகள் பிடித்துக்கொடுத்த வாடகை வீட்டுக்கு எதிரே, ஈர மணலில், இப்போது அவன் நிற்கிறான்.

"டேய் குருவி."

"லாரியா?" குரல் மட்டும் வந்தது. முகம் கடலைப் பார்த்தபடியே இருந்தது. "பக்கத்துல வாடா."

கையைப் பக்கவாட்டில் நீட்டினான். அது உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. லாரிக்காரர் அருகில் போய்ப் பார்த்தார். குருவியின் இமைகள் வீங்கியிருந்தன, விழிகள் வெள்ளையே தெரியாமல் சிவந்திருந்தன, கண்ணோரங்களில் கண்ணீர் காய்ந்து உப்பாகப் படிந்திருந்தது. ஆனால் பேச்சு பழைய பேச்சுதான். மேஜரின் நாய் பிஸ்கட் டப்பாவில் தலையை விட்டுக்கொண்டு முகாமெல்லாம் ஓடிய கதையைச் சொல்லிச் சிரித்தான். கடலைப் பார்த்துச் சிரித்தான். கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்த மனைவி டீயை நீட்டியபோது, "வாம்மா தங்கச்சி" என்றவன், காற்றில் துழாவித்தான் டம்ளரைப் பிடித்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் கேட்டாள். "உங்க ஃப்ரெண்டு என்னை ஒரு தடவைகூட ஏறெடுத்துப் பாக்கலையே. அவ்வளவு கண்றாவியாவா இருக்கேன்?"

"சின்ன வயசுலேர்ந்தே அவன் கூச்ச சுபாவம்" என்று சொல்லிச் சமாளித்தார்.

மறுநாள் சாயங்காலம் அவன் இருப்பிடத்துக்குப் போனார். பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு ஹோட்டலுக்கு அவன் காவல்காரன். அதன் பின்பக்கம், கடலோரமாக ஒரு கொட்டகை. கடலைப் பார்த்த சுவர் மட்டும் இல்லை. இடித்துத் தள்ளிய செங்கல் இன்னும் மணலில் கிடந்தது. கட்டில் கிடையாது. திறந்த பக்கத்தின் விளிம்பில் ஒரே ஒரு நாற்காலி, அதன் கால்கள் மண்ணில் ஆழமாகப் புதைந்திருந்தன. ஸ்டவ், கெட்டில், பாத்திரம், வாளி எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே கைக்கு எட்டும்படி வைக்கப்பட்டிருந்தன. ஈரச் சாக்கின் வாடைக்கும் பழைய வியர்வைக்கும் நடுவே தைல நெடி மூக்கில் ஏறியது. குருவி அதைக் கண்களுக்குக் கீழே அப்பியிருந்தான்.

"என்னடா இது கோலம்?"

"அலை உடையுற இடத்துக்கு அந்தப் பக்கம் பாரு. ஏதாவது தெரியுதா?"

லாரிக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வெயில் சாய்ந்து தண்ணீர் தகரம் போல மின்னியது. அதன் நடுவே கறுப்பாக ஒன்று.

"யாரோ குளிக்கிறாங்க. கழுத்தளவுத் தண்ணியில."

குருவியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "உனக்குத் தெரியுது" என்றான். "யாரைக் கேட்டாலும் ஒண்ணுமில்லைன்னாங்க. எனக்குத்தான் மறை கழண்டுடுச்சுன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்."

"யார்றா அது?"

"தெரியாது. முதல்ல பார்த்தப்போ அடிவானத்துல ஒரு புள்ளி. பார்த்துட்டே இருந்தா நிக்கும். அசந்தா கிட்ட வந்துடும்."

"இங்க ஏன்டா கிடக்கிற? கிளம்பி எங்கூட வா."

"போனேனே. ரயில் ஏறி, கடல் வாடையே இல்லாத ஊருக்குப் போனேன். அங்க ஒரு ஏரி இருந்துச்சு." விரலைக் கடல் பக்கம் நீட்டினான். "ஏரியில நின்னுச்சு."

பனிமலையில் தனிக்காவல் நின்ற சிலருக்குப் புத்தி இப்படித் தடம் புரண்டதை லாரிக்காரர் பார்த்திருக்கிறார். தண்ணீரில் தெரிவது மிதவையாகவோ பாறையாகவோ இருக்கும். நாளைக்கே இவனை டாக்டரிடம் கூட்டிப் போகவேண்டும். முதலில் இவன் தூங்கட்டும்.

"சரி, இப்ப என் முறை" என்றார். "நீ படு. நான் பார்த்துக்கிறேன்."

"கண்ணை எடுக்க மாட்டியே?"

"மாட்டேன்டா."

நாற்காலியை விட்டு எழுந்த குருவி அவருக்குப் பின்னால் வெறும் மணலில் சாய்ந்தான். முதுகு தரையைத் தொட்டதுமே குறட்டை கேட்டது. லாரிக்காரர் உட்கார்ந்தார். தென்னை மட்டைகள் உரசும் சத்தம், நண்டுகள் காய்ந்த பாசியைக் கிளறும் சத்தம், அலை பின்வாங்கும்போது கிளிஞ்சல்கள் ஒன்றோடொன்று மோதும் கலகலப்பு. எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. அந்தக் கறுப்புப் புள்ளி மட்டும் அசையவே இல்லை. அலை தூக்கினால் மிதவை ஏறி இறங்க வேண்டுமே என்று தோன்றியது. இது ஏறவில்லை. அலைதான் அதைச் சுற்றிக்கொண்டு போனது.

"என்னங்க." சற்றுத் தள்ளித் தெரிந்த வாடகை வீட்டு வாசலிலிருந்து மனைவி கையாட்டினாள்.

திரும்பிப் பார்த்து அவரும் கையாட்டினார். அவ்வளவுதான். ஒரு மூச்சு விடும் நேரம்.

மறுபடி கடலைப் பார்த்தபோது அதற்குத் தோள்கள் இருந்தன.

வெயில் ஏமாற்றுகிறது என்று சொல்லிக்கொண்டார். நீர் வடிந்திருக்கும், பாறை வெளியே தெரியும். ஆனால் நனைந்த முடி அந்தத் தோள்களில் ஒட்டிக் கிடப்பது தெரிந்தது. முடி முகத்தையும் மூடியிருந்தது. முகம் கரையைப் பார்த்திருந்தது. கடற்காற்று ஒரு பிடி மணலை அள்ளிக் கண்ணில் வீசியது. தேய்த்துவிட்டுப் பார்த்தார்.

இடுப்பு.

அலை உடையும் இடத்துக்கு இந்தப் பக்கம்.

"குருவி. எழுந்திரு." குறட்டை நிற்கவில்லை. திரும்பாமலே காலைப் பின்னால் நீட்டி உதைத்தார். எலும்பில் பட்டது. "எழுந்திருடா." அவன் புரண்டு படுத்தான். எத்தனையோ வருஷத் தூக்கம் அது.

கண்கள் எரிந்தன. கண்ணீர் திரண்டு காட்சியைக் கலக்கியது. இமைக்கக் கூடாது. ஒரு கண்ணை மூடினார். திறந்தார். மற்றதை மூடினார். அது நின்றது. முழங்கால் தண்ணீரில். கைகள் தொங்கின. விரல்கள் தண்ணீரைத் தொடும் அளவுக்கு நீளம்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டினால் எப்படிப் பார்ப்பது?

மணலில் சரசரவென்று காலடி. கூடவே கைத்தடி ஊன்றும் சத்தம். பக்கவாட்டிலிருந்து.

"எத்தனை தடவை கூப்பிடறது? காது அடைச்சுப் போச்சா?"

"கிட்ட வராத. அங்கேயே நில்லு."

"ஏன், கண்ணெல்லாம் இப்படிச் சிவந்திருக்கு?" தடி நெருங்கியது. "அழறீங்களா?"

"வீட்டுக்குப் போ. சொன்னாக் கேளு. போ."

அவர் அப்படி அதட்டிப் பேசி அவள் கேட்டதில்லை. பயந்துவிட்டாள். பயந்தவள் போகவில்லை. கைத்தடியை மணலில் போட்டுவிட்டு, வலிக்கும் காலை இழுத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்க நேராக முன்னால் வந்து நின்றாள்.

கடல் மறைந்தது.

"தள்ளு" என்றார். எழ முயன்றார். கால்கள் மரத்திருந்தன. குளிர்ந்த உள்ளங்கைகளால் அவள் அவர் கன்னங்களைத் தாங்கினாள். "என்னங்க ஆச்சு? என்னைப் பாருங்க. என்னை மட்டும் பாருங்க."

பார்த்தார்.

அலைச் சத்தம் நின்றிருந்தது. பின்னால் குறட்டை மட்டும் சீராக, நிம்மதியாக. அவள் புடவையின் தோள்பக்கம் ஈரமாகிக்கொண்டே வந்தது. சொட்டு. இன்னொரு சொட்டு. மழையா என்று அவள் அண்ணாந்து பார்த்தாள். அவள் காதுக்குப் பக்கத்தில், அவள் தலை உயரத்துக்கே குனிந்து, இன்னொரு தலை, முகத்தில் ஒட்டியிருந்த ஈர முடியை நீண்ட விரல்களால் மெதுவாக விலக்கிக்கொண்டிருந்தது.