அணைத்துவிட்டுப் போன திரை

கொண்டை முடிய அக்காக்காரி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியிருந்த நேரத்தில், திரையில் இருந்த அம்புக்குறி தானாக நகர்ந்தது.

குளிர்கிடங்கின் முன்னறையில் அவளுக்கு வாய்த்த கம்ப்யூட்டர் ஒரு சோப்பு டப்பா, தும்மினால் பறந்துவிடும். "அதுக்குள்ள மூளையே இல்லம்மா. நீங்க தட்டுறதெல்லாம் மாடியில சர்வர்லதான் நடக்குது. பட்டனை அமுக்கினா டப்பாதான் தூங்கும், உங்க வேலை அங்க ஓடிக்கிட்டே இருக்கும். லாக் ஆஃப் பண்ணிட்டுப் போங்க," என்று கம்ப்யூட்டர்காரர் தொண்டை வறளச் சொல்லியிருந்தார். அவளோ டிவியை அணைப்பதுபோல் பட்டனை அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறவள். நேற்றும் அப்படித்தான்.

இயந்திரத்தின் முனகலும் ஈர அட்டையின் நாற்றமும் மீன் வாடையும் அறையை அழுத்திக்கொண்டிருக்க, அம்புக்குறி சொந்த வீட்டில் உலாவுவதுபோல் நிதானமாக நடந்து, உறைபனி அறையின் கதவுப் படத்தில் நின்று, 'பூட்டு' என்பதை அழுத்தியது.

உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவன் அவள் தம்பி. ஒட்டடை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒட்டடைக்கம்புக்குச் சட்டை மாட்டிய உடம்பு. குளிர் தேடித் தின்னக்கூட அதில் சதை கிடையாது.

இண்டர்காம் கரகரத்தது. "அக்கா, கதவு பூட்டிக்கிச்சு. மீனோட என்னையும் பெட்டி கட்டி அனுப்பலாம்னு பாக்கறியா?"

"நான் தொடவே இல்லடா. இரு, இதோ தொறக்கறேன்."

'திற'வை அழுத்தினாள். தாழ் விலகியது. உடனே விழுந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி விழுந்தது. கதவில் கைப்பிடி கிடையாது. எல்லாமே கம்ப்யூட்டர்தான் என்று கழற்றிவிட்டிருந்தார்கள். ஆட்கள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் அலறிய அலறலில் உறைந்த மீன்களே எழுந்து நீந்தியிருக்கும். ஒருவரும் வரவில்லை.

டப்பாவின் வயரைப் பிடுங்கினாள்.

திரை இருண்டது. சுவருக்கு அப்பால் குளிர்விசிறிகள் வேகம் பிடித்தன.

டப்பாதான் தூங்கும்.

பக்கத்து அறைக்கு ஓடினாள். அங்கேயும் ஒரு டப்பா. கழுத்தில் தொங்கிய அடையாள கார்டைச் செருகினாள். விட்ட இடத்திலிருந்தே அவள் திரை வந்து நின்றது. லாக் ஆஃப். லாக் ஆஃப். திரை கேட்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இண்டர்காம் கரகரத்தது. "அக்கா... வெரல் மரத்துப்போச்சு."

திரையின் மூலையில் முன்னறைக் கேமரா. அவள் விட்டுவந்த நாற்காலி காலியாக இல்லை. அதில் ஊதா ஸ்வெட்டர். நேற்று அவள் போட்டிருந்தது. இப்போது வீட்டுக் கொடியில் ஈரமாகத் தொங்குவது. அதற்கு மேல் பாதி முடிந்த கொண்டை. வயர் பிடுங்கிய டப்பாவின் மவுசில் ஒரு கை.

ஊதா ஸ்வெட்டர் இண்டர்காமை நோக்கிக் குனிந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரலே கேட்டது.

"இருடா, இதோ தொறக்கறேன்."

"சீக்கிரம்கா," என்றான் தம்பி, நிம்மதியாக.

அம்புக்குறி வெப்பநிலையின் மேல் போய் நின்றது. எண் இறங்கத் தொடங்கியது.