பட்டாளத்தின் மூக்கு

ஹாஃபிஸாவின் வீட்டில் நாலு பேர். அத்தா, அம்மா, ஹாஃபிஸா, அப்புறம் பட்டாளம்.

பட்டாளம் என்பது ஆள் இல்லை, லாரி! ராணுவத்தில் ஓடி ஓய்ந்து ஏலத்துக்கு வந்தபோது, ஹாஃபிஸாவின் அத்தா ஜெய்னுலாபுதீன் வாங்கி வந்த பழைய டீசல் லாரி. பச்சை நிறம், பெரிய பெரிய சக்கரம். ஆற்றுக்குள் இறங்கினாலும் மூச்சு விடுவதற்காக, கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரு காற்றுக் குழாய். அதன் தலையில் குடை மாதிரி ஒரு மூடி. நீடாமங்கலத்தில் அதைப் பார்த்து சல்யூட் அடிக்காத பிள்ளைகளே கிடையாது.

அப்படிப்பட்ட பட்டாளம் இந்தக் குறுவை அறுவடையில் மானத்தை வாங்கிவிட்டது. விவசாயி இளையபெருமாளின் நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரை மேட்டில் பாதி தூரம் ஏறும். புர், புர் என்று முனகும். நின்றுவிடும். நெல் கொள்முதல் நிலையமோ மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"மழை வர்ற மாதிரி இருக்கு பாய். நெல்லு நனைஞ்சா என் பாடு திண்டாட்டம்தான். வேற வண்டி பார்த்துக்கட்டுமா?" என்று கேட்டார் இளையபெருமாள்.

அத்தாவின் முகம் தொங்கிப்போயிற்று. "இன்னைக்கு ஒருநாள் பொறுங்க. சித்தீக்கை வரச் சொல்லியிருக்கேன். அவனாலயும் முடியலைன்னா, சனிக்கிழமை காயலான்கடைக்காரரை வரச் சொல்லி இதைப் போட்டுடுறேன்."

ஹாஃபிஸா ஓடிப்போய்ப் பட்டாளத்தின் சக்கரத்தைக் கட்டிக்கொண்டாள். பட்டாளத்தை உடைத்துப் பழைய இரும்பாக்கி விடுவார்களா?

மெக்கானிக் சித்தீக் வந்தார். அவருக்குக் கை வேலையைவிட வாய் வேலை கொஞ்சம் அதிகம்.

"இன்ஜினுக்கு இன்னும் பவர் வேணும், அவ்வளவுதானே? சோறு பத்தலைன்னா கூட ரெண்டு கரண்டி போட வேண்டியதுதான்!" என்றார். கூடுதலாக டீசல் போகும்படி பம்பிலிருந்த திருகைத் திருகினார்.

அத்தா வண்டியைக் கிளப்பினார். அடேயப்பா! கன்னங்கரேலென்று புகை! பக்கத்து வீட்டு பிரகதாம்பாள் அப்போதுதான் கொடியில் வெள்ளை வேட்டிகளைக் காயப்போட்டிருந்தார்.

"யாருடா அது, என் வேட்டிக்கெல்லாம் சாயம் போடுறது?" என்று அவர் கத்தினார். சித்தீக் சக்கரத்துக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார்.

புகைதான் கூடியது. பவர் கூடவே இல்லை.

"காத்து ஃபில்டர் அடைச்சிருக்குமோ தம்பி?" என்று கவலையோடு கேட்டார் டிரைவர் ஐயாவு. பட்டாளத்தைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்பவர் அவர். ஆயுத பூஜைக்குத் தனக்குச் சட்டை வாங்க மறந்தாலும் வண்டிக்கு மாலை வாங்க மறக்கமாட்டார்.

"அதையும் கழட்டிப் பார்த்துட்டேன். புதுசாட்டம் இருக்கு, ஒரு தூசி இல்ல! இன்ஜினுக்கு வயசாயிடுச்சுண்ணே, அவ்வளவுதான்," என்றார் சித்தீக்.

ஐயாவு வாளியை எடுத்துக்கொண்டு போய்ப் பட்டாளத்தின் சக்கரங்களைக் கழுவ ஆரம்பித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

ஹாஃபிஸா கொல்லைக்கு ஓடினாள். அம்மா ஆமினா பெரிய அண்டாவில் நெல் அவித்துக்கொண்டிருந்தார். அடுப்பு சரியாக எரியவில்லை. ஹாஃபிஸா நாலு விறகை எடுத்து உள்ளே திணித்தாள். கறுப்புப் புகை கிளம்பிக் கண்ணைக் கரித்தது.

"திணிக்காதடி! காத்து போக வழி வேணாமா?" என்று அம்மா ரெண்டு விறகை வெளியே இழுத்தார். குப்பென்று தீ பற்றிக்கொண்டது.

ஹாஃபிஸா அப்படியே நின்றாள். பட்டாளமும் இப்படித்தானே கறுப்பாகப் புகைத்தது! அதற்கும் காற்று பத்தவில்லையோ?

இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. அறுப்பு மெஷின் ஓடுகிற இந்தப் பத்து நாளாக ஊரெல்லாம் தூசி. அவள் காதில் தூசி, சீப்பில் தூசி, சோற்று டப்பாவில் கூட தூசி. வயலிலேயே கிடக்கும் பட்டாளத்தின் ஃபில்டரில் மட்டும் எப்படி ஒரு தூசி இல்லை? தூசியே உள்ளே போகவில்லை என்றால் காற்று மட்டும் எப்படிப் போகும்?

வாசலுக்கு ஓடி வந்தாள்; வண்டி அணைத்துத்தான் இருந்தது. பக்கத்துக் கம்பிகளைப் பிடித்து மேலே ஏறினாள். காற்றுக் குழாயின் குடை மூடிக்குக் கீழே எட்டிப் பார்த்தாள்.

குழாயின் வாயில் துணி! கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. தூசியும் தூறலும் சேர்ந்து அதன்மேல் அடை மாதிரி கெட்டியாக அப்பியிருந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அது நீலக் கட்டம் போட்ட லுங்கித் துணி. அறுப்புக் காலத்தில் ஐயாவு மூக்கில் கட்டிக்கொள்கிற அதே துணி.

கீழே அத்தா இருந்தார், சித்தீக் இருந்தார், இளையபெருமாள் இருந்தார். இத்தனை பேர் முன்னால் ஐயாவு மாமா தலைகுனிந்து நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சத்தமில்லாமல் இறங்கினாள்.

"மாமா, கொஞ்சம் மேல ஏறிப் பாருங்களேன்," என்று ஐயாவுவின் காதில் சொன்னாள்.

ஏறிப் பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ பாப்பா! அறுப்பு ஆரம்பிச்சன்னிக்கு நான்தான் கட்டினேன். நெல்லு சுணை மூக்குல ஏறி எனக்கு ஒரே தும்மல். இதுவும் பாவம்தானேன்னு..."

"நல்லதுக்குத்தானே மாமா செஞ்சீங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நீங்களே அவுத்துடுங்க."

ஐயாவு கம்பியைப் பிரித்துத் துணியை உருவினார். இடுப்பில் செருகப் போனவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு அதைக் கொடி மாதிரி உயரத் தூக்கிப் பிடித்தார்.

"பாய்! தப்பு பண்ணினது நான். கண்டுபிடிச்சது நம்ம பாப்பா!"

அத்தா துணியைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். கோபப்படத்தான் பார்த்தார், சிரிப்பு முந்திக்கொண்டது.

"வண்டிக்கு மூக்குத் துண்டாய்யா கட்டினே?"

எல்லோரும் சிரித்தார்கள். சித்தீக் மட்டும் அசடு வழிந்தபடி திருகைப் பழைய இடத்துக்கே திருகி வைத்தார்.

மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பட்டாளம் கிளம்பியது. ஹாஃபிஸா நடுவில் உட்கார்ந்திருந்தாள். மேடு வந்தது. பாதி வந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முனகல் இல்லை, கறுப்புப் புகை இல்லை. தம் கட்டி உறுமிக்கொண்டு பட்டாளம் மேட்டின் உச்சிக்கு ஏறிவிட்டது!

மழை பிடித்துக்கொள்வதற்குள் கடைசி மூட்டையும் கொள்முதல் நிலையத்துக்குள் போய்விட்டது.

திரும்பி வரும்போது ஹாஃபிஸா கேட்டாள்: "அத்தா, சனிக்கிழமை காயலான்கடைக்காரர் வருவாரே?"

"வரட்டும், வரட்டும்," என்றார் அத்தா. "பட்டாளத்துக்கு ஒரு சல்யூட் அடிச்சிட்டு, டீ குடிச்சிட்டுப் போகட்டும்!"