ஆணித்துளை

1953 தை மாதம் ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாஸ்டராக வந்த சிவசாமிக்கு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசிக் காம்பராதான் கிடைத்தது. ஜன்னல் இல்லாத அறை. ஈரமும் ஏதோ புண்ணின் வாடையும் சுவரில் ஊறியிருந்தன. கதவுத் தகரத்திலிருந்த ஆணித்துளை ஒன்றை யாரோ சாணியால் அடைத்திருந்தார்கள். கொஞ்சம் வெளிச்சம் வரட்டுமென்று அதைச் சுரண்டி எடுத்தார்.

மறுநாள் கதவைச் சாத்தியதும் எதிர்ச்சுவரில் வெளி உலகம் தலைகீழாக விழுந்தது. மேலே பாதை, கீழே வானம். சிவசாமிக்கு ஒரே சந்தோஷம். மனிதக் கண்ணும் இப்படியோர் இருட்டறைதான், கண்மணி வழியாக நுழையும் வெளிச்சம் உள்ளே விழித்திரையில் தலைகீழாகத்தான் விழுகிறது, மூளைதான் நிமிர்த்திக் காட்டுகிறது என்று அன்றே அஞ்சாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தார்.

மூன்றாம் நாள், பாதைக்கு அப்பாலிருந்த புதைமேட்டுப் பக்கமிருந்து சுவரில் ஒருத்தி இறங்கி வந்தாள். தலைகீழாக, முகத்தைச் சேலையால் மூடியபடி.

கதவைத் திறந்தார். பாதையில் யாருமில்லை.

சாத்தினார்.

அவள் நின்றுகொண்டிருந்தாள்.

தினமும் கொஞ்சம் கிட்டே வந்தாள். அடுத்த காம்பரா வீரம்மாவிடம் கேட்டார். முன்பு காளியாயி என்பவளுக்கு அம்மை கண்டதும், கங்காணி அவளை அந்த அறையில் போட்டு வெளியே பூட்டிவிட்டாராம்.

"ஆணியால தொளை போட்டு, யாராச்சும் வாராங்களான்னு பாத்துக்கிட்டே கெடந்தா மாஸ்டர். நாங்க யாரும் போகல. சாகறதுக்கு முன்ன கண்ணு ரெண்டும் அவிஞ்சிருச்சி. இன்னமும் பாக்கணும்னு வாரா. அதான் அடச்சி வச்சோம். நீங்க தொறந்துட்டீங்க."

வீரம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

சிவசாமி சாணியோடு தன் அறைக்கு ஓடிக் கதவைச் சாத்தினார். வெளியே நல்ல மத்தியான வெயில். உள்ளே கும்மிருட்டு. சுவரில் படமே இல்லை.

வெளியிலிருந்து ஏதோ துளையை மறைத்திருந்தது.

அடைக்கக் குனிந்தார். குளிர்ந்த மூச்சு ஒன்று அவருடைய வலக்கண்ணில் நேராகப் பட்டது.

"தள்ளிக்க," என்றது மெல்லிய குரல். "நான் பாக்கணும்."

அன்றிலிருந்து வலக்கண் தெரியவில்லை. நுவரெலியாவில் ஒரு கண் டாக்டரிடம் போனார். டாக்டர் சின்ன விளக்கைப் பிடித்து, கண்மணி வழியாக உள்ளே பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

"உங்களோட யார் வந்திருக்காங்க?"

யாருமில்லை என்று சொல்லிச் சிவசாமி தரையைப் பார்த்துக் குனிந்தார்.

இடக்கண் மட்டும்தான் தாழ்ந்தது. வலக்கண் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.