வயல்சூடு

கதவு இடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்துச் சாத்தி, வெளியிலிருந்து அதை இழுத்துப் பார்ப்பது தங்கபுஷ்பத்தின் அன்றாட வேலை. காகிதம் வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் ரப்பர் பட்டை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வழுக்கிக்கொண்டு வந்தால் அதே இடுக்கு வழியாகக் குளிரும் போகும், கூடவே அவள் வேலையும் போகும். தூத்துக்குடித் துறைமுகத்தில் மீனை இறக்கிவிட்டு, குளிர்ப்பெட்டியைக் கழுவி, தரைத் துளைகளில் அடைத்திருந்த செதிலைக் கம்பியால் குத்தியெடுத்துவிட்டு, நாலு பக்கமும் காகிதம் இழுத்துப் பார்த்தாள். பட்டை கெட்டியாகத்தான் இருந்தது.

உச்சியில்தான் ஒரு திருட்டு வேலை தொங்கியது. காற்று திரும்பும் வாயருகே உள்ள வெப்பமானியின் மேல், நேற்று வரை இந்த வண்டியை ஓட்டியவன் சாக்கு ஒன்றை நனைத்துக் கட்டியிருந்தான். ஈரச்சாக்கு போர்த்திய வெப்பமானி, பெட்டி முழுக்கக் குளிர்ந்துவிட்டது என்று பொய் சொல்லும். இயந்திரம் அதை நம்பி ஓய்வெடுக்கும். மிச்சமாகும் மின்சாரத்தை ஓட்டுநர் தன் இருக்கைப் பக்கம் திருப்பிக்கொள்வான். வால்பக்கத்துச் சரக்கு நாறிப்போகும்.

"போக்கத்த பய. பிள்ளைக குடிக்க பாலா இருந்தா என்ன செய்வான்?" என்று திட்டிக்கொண்டே சாக்கை அறுத்தெடுத்தாள். மேலாளரிடம் காட்டலாம் என்று அதைத் தன் இருக்கைக்கு அடியில் திணித்தாள். பிறகு, இன்னும் கதவோரம் நின்று பேசிக்கொண்டிருந்த சுமையாட்களைப் பார்த்து, அவள் வாய் ஓயாமல் சொல்லும் வாக்கியத்தைச் சொன்னாள்: "கதவ மூடுங்கய்யா, குளிரு வெளிய போகுது!"

"அதான் பெட்டி காலியாச்சே, எந்தக் குளிரு?" என்று ஒருவன் சிரித்தான்.

அவன் சொன்னது சரிதான். கதவு சாத்தியதுமே பெட்டியின் காப்பான் பேசிவிட்டது. ஒவ்வொரு குளிர்ப்பெட்டிக்கும் ஒரு காப்பான் உண்டு. சரக்கு என்ன, சூடு எவ்வளவு, குளிர் கொடுக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் மூளை அது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரலில், "சரக்கு இல்லை. குளிர் நிறுத்தப்படுகிறது" என்றது.

குளிர்ச் சட்டத்தின் முதல் வரியே அதுதான்: குளிர் சரக்குக்கு. வெக்கைப் பஞ்சம் வந்த வருடங்களில் வீட்டுக்கு வீடு ஏ.சி. ஓடி, மின்சாரம் செத்து, கிடங்குகளில் அரிசியையும் பாலையும் தவிர மற்ற எல்லாம் மிச்சமிருந்தது என்று பெரியவர்கள் கசப்பாகச் சொல்வார்கள். பசியில் ஆட்கள் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதிய சட்டம் அது. உணவுக்கும் மருந்துக்கும் குளிர். மனிதர்களுக்கு நிழற்கூடம், விசிறி, பானைத் தண்ணீர். ஓட்டுநர் அறைக்கு மட்டும் கொஞ்சம் குளிர்காற்று வரும். சட்டத்தின் பார்வையில் ஓட்டுநர் வண்டியின் உதிரிப்பாகம். தங்கபுஷ்பத்துக்கு இந்தச் சட்டத்தின் மேல் கோபம் கிடையாது, சொல்லப்போனால் பக்தி. அவள் அம்மா அந்தப் பஞ்சத்தில்தான் செத்தாள்.

செவ்வேளைச் சங்கு ஊதும்போது அவள் குறுக்குச்சாலை ஊரைத் தாண்டியிருந்தாள். சங்குக்குப் பிறகு வெளியில் நிற்பவர்களுக்கு உயிர் உத்தரவாதம் இல்லை. வியர்வைகூடக் காயாத புழுக்கமும் வெயிலும் கைகோத்துக்கொண்டு வரும் நேரம் அது. எட்டயபுரம் குளிர்கிடங்கு வரை போய் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று முடுக்கினாள். அப்போதுதான் பஸ் தெரிந்தது.

உப்பளத்துத் தொழிலாளர் பஸ். ரோட்டோரம் நின்றுபோயிருந்தது. அதன் அடியில் கிடைத்த துண்டு நிழலில் ஆட்கள் நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள். ஒரு பெண் ரோட்டின் நடுவில் வந்து நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். தங்கபுஷ்பம் பிரேக்கை மிதித்தாள்.

"யக்கா, எங்க வீட்டுக்காரருக்குப் பேச்சு நின்னு போச்சு" என்றாள் அந்தப் பெண். பெயர் வடிவு. "மூணு வண்டி நிக்காமப் போயிட்டு. நீங்களும் போயிராதீங்க."

அவள் கணவன் உச்சிமாகாளி சக்கரத்துக்கு அருகில் கிடந்தான். முகம் சிவந்து, தோல் வறண்டு, கண் செருகியிருந்தது. ஓட்டுநர் அறையில் இன்னொருவர் உட்காரவே இடமில்லை. பின்னால் இருப்பதோ, வெயிலில் காய்ந்த காலிப்பெட்டி. குளிர் ஓடாமல் அதற்குள் ஆளை ஏற்றிக் கதவைச் சாத்தினால் இட்லிக் கொப்பரைதான். கதவைச் சாத்தாவிட்டால் வண்டி நகராது.

இருந்தாலும் எல்லாரையும் ஏற்றிவிட்டுக் காப்பானைக் கேட்டாள்.

"உயிருள்ளவை உள்ளே இருக்கின்றன. ஆட்களுக்குக் குளிர் வழங்க அனுமதி இல்லை" என்றது அது.

தங்கபுஷ்பம் திரையில் சரக்குப் பட்டியலைப் புரட்டினாள். பால் என்றால் நம்பாது. பால் மூச்சு விடாது. மீன் என்றால் உள்ளே இருப்பவர்கள் விறைத்துப்போவார்கள். மூச்சு விடுவதும், உடம்பில் சூடு உள்ளதும், ஆனாலும் சரக்கு என்று சட்டம் ஒத்துக்கொண்டதும் ஒன்றே ஒன்றுதான் அவள் நினைவுக்கு வந்தது. வெட்டிய வாழைக்காய் மூச்சு விடும். அதற்காகப் பெட்டியின் காற்றுச் சாளரம் தானே திறந்துகொள்ளும். தோட்டத்திலிருந்து நேராக ஏற்றியதென்றால் 'வயல்சூடு' என்று ஒரு சலுகை உண்டு. ஆளின் உடம்புச் சூடு வரைக்கும் காப்பான் பொறுத்துக்கொள்ளும். ஆனால் எந்தச் சரக்குக்கும் அதைப் பெறுகிறவர் ஒருவர் வேண்டும். அவர் குறி போட்டுவிட்டால், மூச்சையும் சூட்டையும் மட்டுமே அறிந்த காப்பான் அதைச் சரக்கென்றே எடுத்துக்கொள்ளும்.

எட்டயபுரம் கிடங்குக்காரரைக் கூப்பிட்டாள். "வேலாயுதபெருமாள் அண்ணாச்சி, புஷ்பம் பேசுதேன். வாழைக்காய் லோடு கொண்டாரேன். வாங்கிக்கிடுதேன்னு உங்க குறி போட்டுவிடுங்க."

"செவ்வேளையில வாழைக்காயா? நீ துறைமுகத்துலருந்து காலிப்பெட்டியாத்தான வாரே?"

"வழியில ஏத்துனது."

"வழியில எங்க தோட்டம் இருக்கு? கரிசக்காட்டுல கருவேல முள்ளுதான் காய்ச்சுத் தொங்குது."

"உப்பளத்துலருந்து வந்த வாழைக்காய், அண்ணாச்சி. பஸ்ஸு நின்னு போச்சு. ஒரு காய் கெடக்க கெடயப் பாத்தா தாங்காது போலுக்கு."

"என் வேலையும் போவும், உன் லைசென்ஸும் போவும், தெரியும்லா?" என்றார்.

"தெரியும்."

"எத்தன தாரு?"

அவள் சொன்னாள். குறி வந்தது. தலைக்கு மேலே இயந்திரம் உறுமியது. "வாழைக்காய். வயல்சூடு ஏற்கப்பட்டது" என்றது காப்பான். தங்கபுஷ்பத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகிற நேரமா இது என்று தன்னையே அதட்டி வண்டியை எடுத்தாள்.

திரையில், பெட்டியின் வெப்பக்கண் காட்டும் படம் ஓடியது. உட்கார்ந்திருந்த உருவங்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறின. ஒன்று மட்டும் மாறவில்லை. அது இன்னும் சிவந்தது.

"ஒரு தார் கெட்டிருக்கிறது" என்றது காப்பான். "அழுகல் மற்றவற்றுக்குப் பரவும். அதை நீக்கவும். நீக்காவிட்டால் குளிர் நிறுத்தப்படும்."

அந்தக் குரல் பெட்டிக்குள்ளும் கேட்கும் என்பது அவளுக்கு உறைத்ததும் வண்டியை ஓரங்கட்டி ஓடினாள். கதவைத் திறந்தாள். வடிவு கணவனைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு குத்தவைத்திருந்தாள். மற்றவர்கள் எதிர்ச் சுவரோரம் ஒதுங்கியிருந்தார்கள். அத்தனை பேரும் ஒரே பஸ்ஸில் வந்தவர்கள், ஒரே பாத்தியில் உப்பு வாரியவர்கள். தலையில் துண்டு கட்டிய ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஒருத்தருக்காவ எல்லாரும்..."

"வாய மூடும்!" என்று கத்தினாள் தங்கபுஷ்பம்.

கத்திவிட்டாளே தவிர, என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. காப்பான் இரண்டாம் முறை எச்சரித்தது. கெட்ட தார் என்று அது சொல்வது வெப்பக்கண் கண்டதை வைத்துத்தான். அந்தக் கண்ணை ஏமாற்ற வேண்டும். ஏமாற்றுவதற்கு, ஓட்டுநர் கூட்டத்துக்குத் தெரிந்த ஒரே வித்தை இருக்கையின் அடியில் சுருண்டு கிடந்தது.

சாக்கை உருவிக்கொண்டு வந்தாள். இயந்திரத்தின் குழாய் வழியே பனிநீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் வாளியை வைத்துப் பிடித்து, சாக்கை முக்கி, மூக்கை மட்டும் விட்டு உச்சிமாகாளியைத் தலையோடு கால் போர்த்தினாள். அவனை இழுத்துக் குளிர்காற்று நேராக அடிக்கும் இடத்தில் கிடத்தினாள். துண்டு கட்டியவர் எழுந்து வந்து, வாளியை வாங்கி மேலும் தண்ணீர் தெளித்தார். திருட்டுச் சாக்கு என்று காலையில் திட்டியதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. சரக்குக்கு விஷமானது ஆளுக்கு மருந்தாகும் என்று யார் கண்டார்கள்.

"சரக்கு சீராக இருக்கிறது" என்றது காப்பான்.

எட்டயபுரம் கிடங்கில் வேலாயுதபெருமாள் இறக்குமேடையிலேயே காத்திருந்தார். மேடைக்குப் பக்கத்தில் நிழற்கூடம். வலைக்கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான ஆட்கள், சுழலும் விசிறிகளுக்கு நேரே முகத்தை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிக் கதவு திறந்ததும் வெள்ளையாகக் குளிர் மேடையில் இறங்கியது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

உப்பளத்து ஆட்கள் நடுங்கிக்கொண்டே இறங்கினார்கள். ஒருவர் சிரித்தார். வடிவு மட்டும் இறங்கவில்லை. உச்சிமாகாளி கண் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஆனால் நெற்றி இன்னும் கொதித்தது. மருத்துவ வண்டி செவ்வேளை முடிந்துதான் வரும்.

"எறங்கும்மா, கூடத்துல விசிறி இருக்கு" என்றார் வேலாயுதபெருமாள்.

"எறங்க மாட்டேன் அண்ணாச்சி. கீழ எறங்குனா நாங்க ஆளு. ஆளுக்குக் குளிரு கெடயாதுல்லா. இங்கயே வாழைக்காயா இருந்துக்கிடுதோம். நீங்க எழுதிக்கிடுங்க."

வேலாயுதபெருமாள் நெற்றியைத் துடைத்தார். பக்கத்தில் இருந்த வாழை அறை அந்த மாதம் முழுக்கக் காலி. அதை ஓட்டினால் பால் அறையின் மின்சாரத்தில்தான் கைவைக்க வேண்டும். அவர் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார். அவள் நிழற்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே முதலில் ஒரு கிழவர் எழுந்தார். பிறகு இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி. பிறகு வரிசை வரிசையாக எழுந்து, சத்தமில்லாமல், வெள்ளைக் குளிர் வரும் திசையை நோக்கி நடந்து வந்தார்கள்.

பெட்டிக்குள்ளிருந்து வடிவு அவர்களைப் பார்த்துவிட்டாள். கணவனின் மேல் கிடந்த சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு, கெஞ்சலும் அதட்டலுமாகக் கத்தினாள்:

"யக்கா, கதவ மூடுங்க! குளிரு வெளிய போகுது!"

தங்கபுஷ்பத்தின் கை தன்னால் கதவுக்குப் போனது. காலமெல்லாம் பழகிய கை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். வெயிலைத் தாண்டி முதலில் வந்து சேர்ந்தது குழந்தைக்காரிதான். அவள் மேடை ஏறவில்லை. படியில் நின்று, குழந்தையின் முகத்தை மட்டும் குளிர் வரும் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

கைப்பிடியிலிருந்து தங்கபுஷ்பத்தின் விரல்கள் பிரிந்தன.

"அண்ணாச்சி, வாழை அறையத் தெறங்க" என்றாள்.

"எத்தன தாருன்னு எழுத?" என்றார் அவர். "பால் கெட்டா யாரு பதில் சொல்ல?"

அவள் பெட்டியின் இன்னொரு கதவையும் தள்ளித் திறந்து கொக்கி மாட்டினாள்.

"வார ஆள எண்ணிக்கிட்டே எழுதுங்க" என்றாள்.